பன்னிரண்டாவது கூண்டு

ஏரியில் கூண்டு போட்டு மீன் வளர்க்கும் மீன்கூண்டுக்காரருக்கு யாருக்கும் நன்றி சொல்லிப் பழக்கமில்லை. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் பெண்டாட்டிக்கே ஒரு தடவைகூடச் சொன்னதில்லை என்பது தெருவுக்கே தெரியும். அந்த அம்மாளே சொல்லியிருக்கிறாள். அப்படிப்பட்டவர் மச்சினிக்கா சொல்லப்போகிறார்?

மச்சினி குடிநீர் நிலையத்தில் வேலை பார்ப்பவள். தினம் காலையில் படகில் நடு ஏரிக்குப் போய், மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் வெப்பமானியைக் கட்டி இறக்குவாள். மேலே எத்தனை டிகிரி, அடியில் எத்தனை என்று நோட்டில் குறிப்பாள். 'ஏரிக்கு ஜுரம் பார்க்கிறவள்' என்று அவளுக்குப் பட்டப்பெயர் வைத்ததே இந்த அத்தான்தான்.

கோடை முழுக்க மேல்தண்ணீர் இருபத்துநாலு, அடித்தண்ணீர் ஒன்பது. சூடானது லேசு, குளிர்ந்தது கனம். அதனால் மாடிவீட்டுக்காரரும் கீழ்வீட்டுக்காரரும் போல ஒன்றோடொன்று ஒட்டாமல் இருந்தன. குளிர் தொடங்கியதும் மேலே இருந்தது ஆறி ஆறி, ஒரு நாள் காலை பத்துக்கு வந்துவிட்டது. அடியிலும் ஏறக்குறைய அதே பத்து.

மச்சினி நேரே அக்கா வீட்டுக்கு வந்தாள். அத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அத்தான், மேலயும் கீழயும் ஒண்ணாயிடுச்சு. நாளைக்குக் காத்து அடிக்கும்னு சொல்றாங்க. அடிச்சா ஏரி புரண்டுடும். அடியில காத்தே படாம மக்கிக் கிடக்கிற தண்ணி மேல வரும், மீனுக்கு மூச்சு முட்டும். கூண்டையெல்லாம் ஆறு வந்து விழற பக்கம் இழுத்துடுங்க, அங்க புதுத்தண்ணி வந்துட்டே இருக்கும்."

"புரண்டு படுக்க ஏரி என்ன தூங்கற குழந்தையா?" என்று கேட்டுவிட்டு அவர் தண்ணீர் குடித்தார்.

பன்னிரண்டு கூண்டு மீன். ஒரு வருஷமாகத் தீனி போட்டு வளர்த்தது. பத்து நாளில் அறுவடை. மச்சினி மறுபடி கெஞ்சவில்லை. அக்காவைப் பார்த்தாள். அக்கா அடுப்பை அணைத்துவிட்டுப் படகுச் சாவியை எடுத்தாள்.

அவரை அசைத்தது வெப்பமானி இல்லை. பெண்டாட்டி தனியாகக் கூண்டு இழுத்தால் தெரு என்ன பேசும் என்ற பயம்தான். தெரு பேசாமலா இருக்கும்? முணுமுணுத்துக்கொண்டே பொழுது சாய்வதற்குள் பதினொரு கூண்டுகளை இழுத்துச் சேர்த்தார். பன்னிரண்டாவதை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டார். நாளைக்கு அதைக் காட்டி மச்சினியின் மூக்கை உடைக்க வேண்டாமா?

மறுநாள் காற்று அடித்தது. மத்தியானத்துக்குள் ஏரி சாம்பல் கரைத்த நிறமானது. கரை முழுக்க அழுகிய முட்டை நாற்றம். பன்னிரண்டாவது கூண்டில் மீன்கள் வெள்ளை வயிறு காட்டி மிதந்தன. ஆற்று முகத்தில் பதினொரு கூண்டுகளிலும் தீனிக்காகத் துள்ளிக்கொண்டிருந்தன.

மீன் செத்த கூண்டைத் தானே இழுத்துவந்து, தானே அள்ளிக் குழியில் கொட்டினார். யாரையும் கிட்ட விடவில்லை. துக்கம் விசாரிக்கப் போனவர்களும் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று.

அன்று சாயங்காலம் மச்சினி வந்து நோட்டைப் பிரித்தாள். அப்போதுதான் அவள் உள்ளங்கை அவர் கண்ணில் பட்டது. ஈரக்கயிறு அறுத்து அறுத்துத் தோல் காய்த்துப் போயிருந்தது. எத்தனை வருஷமாக அவளுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார், ஒரு நாளாவது பார்த்தாரா!

நாலு நாள் கொல்லைப்பக்கம் எதையோ முறுக்கிக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் காலையில் படகுத்துறைக்குப் போய் நின்றார். கையில் புதுக்கயிறு; மெத்தென்ற நூலில் திரித்து, மீட்டருக்கு ஒரு நிறத்தில் நூல் சுற்றியது.

"முடிச்சு வேணாம். கை அறுக்கும்," என்றார். பிறகு ஏரியைப் பார்த்துக்கொண்டே, "உன்னாலதாம்மா பொழச்சேன். ரொம்ப நன்றி," என்றார்.

மச்சினி கயிற்றைத் தடவிப் பார்த்தாள். "அடித்தண்ணிக்கும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது மூச்சு வேணும்ல அத்தான்," என்று சிரித்தாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. துறையில் நின்ற எங்களுக்கே தெரிந்தது.

இப்போதெல்லாம் தினமும் படகில் கயிறு பிடிப்பவர் அவர்தான். யாராவது 'ஏரிக்கு ஜுரம் பார்க்கிறவள்' என்றால் சண்டைக்கு வருகிறார். அதனால் அவர் தலை மறைந்த பிறகுதான் அந்தப் பேரைச் சொல்கிறோம்.