அலமாரிக்குள் பேசிய காலை வணக்கம்

துணி அலமாரிக்குள் தலையை விட்டுப் பேசினால்தான் ரேடியோக்காரனின் குரல் எதிரொலி இல்லாமல் பதியும். தொங்கும் சட்டைகளுக்கு நடுவே மைக்கை வைத்து, நாளைக் காலை பேச வேண்டியதை எல்லாம் இன்று சாயங்காலமே பேசி அனுப்பிவிடுவான். எங்கோ ஒரு ஊரில், ஆளே இல்லாத நிலையத்தில், ஒரு கம்ப்யூட்டர் அதைப் பாட்டுகளுக்கு நடுவே செருகி ஒலிபரப்பும்.

"வானிலையைப் பத்தி மட்டும் வாயே திறக்காத" என்று மேலாளர் படித்துப் படித்துச் சொன்னார். இவன் கேட்டால்தானே! அந்த ஊரில் வாழ்க்கைப்பட்ட தங்கையிடம் நிலவரம் கேட்டு, அங்கேயே உட்கார்ந்திருப்பவன் போல அளப்பான். காலையில் அண்ணன் நேரடியாகப் பேசுவதாகவே அவள் நம்பியிருந்தாள். அந்தப் பெருமையைக் கெடுப்பானேன் என்று இவனும் கமுக்கமாக இருந்துவிட்டான்.

"இங்க காத்து அள்ளிட்டுப் போகுதுண்ணா" என்றாள் நேற்று. போதாதா? "ஜன்னலையெல்லாம் திறந்து விடுங்க, காத்து உள்ள வரட்டும்!" என்று சிரிப்போடு பதிந்து அனுப்பினான்.

விடிந்ததும் போனில் செய்தி வந்தது. அந்த ஊர் ரசாயன ஆலையில் விஷவாயு கசிகிறதாம். கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டுமாம்.

உடனே போன் அடித்தான். தங்கை போனை எடுக்கவில்லை. நிலையத்தில் எடுக்க ஆளேது? "சாத்துங்க, எல்லாத்தையும் சாத்துங்க" என்று அலறிப் பதிந்து, பழைய பேச்சு இருந்த இடத்தில் ஏற்றினான். ஏறியும் விட்டது. அப்புறம்தான் உறைத்தது. அந்தப் பாழாய்ப்போன கம்ப்யூட்டர் இந்த மணிக்கு உண்டானதை முன்னாலேயே எடுத்து வைத்துக்கொண்டிருக்கும். புதுக் குரல் அடுத்த மணிக்குத்தான் போகும்.

மறுபடி அடித்தான். தங்கை எடுத்தாள், இருமிக்கொண்டே.

"ஜன்னலைச் சாத்தும்மா! சீக்கிரம்!"

"நீதானேண்ணா இப்ப திறக்கச் சொன்ன?" அவளுக்கு மூச்சு இழுத்தது. "ஒரே நாத்தம். சாத்தத்தான் போனேன். நாத்தம் வெளிய போகட்டும்னு சொல்றியாக்கும்னு... பாப்பா ரூம்லயும் திறந்து விட்டுட்டேன்."

"அது நேத்து பேசினதும்மா! நேத்து!"

போன் கீழே விழுந்த சத்தம் கேட்டது. தொண்டை கிழியக் கத்தினான். தங்கையின் இருமல் நின்றிருந்தது, குழந்தையின் சத்தமும் கேட்கவில்லை. லைன் மட்டும் அறுந்துபோகாமல் இருந்தது. அவள் வீட்டு ரேடியோவில் பாட்டு ஒன்று முடிந்து, அவன் குரலே வந்தது.

"இன்னுமா திறக்கல? சோம்பேறிங்களா, எழுந்திரிங்க!"