முன்னால் போகிறவள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே கால். அதற்கு முன்னால் சுரேகா வர மாட்டாள். சைக்கிள் குழுவில் மற்றவர்கள் இருட்டோடு கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பிவிடுவார்கள். நாய் துரத்தும், எனக்குப் பயம் என்று அவள் சொல்லியிருந்தாள். அதைக் கேட்டுச் சிரிக்காதவள் பவித்ரா ஒருத்திதான். இருவரும் அம்பத்தூரில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தார்கள். பவித்ரா சில வயது இளையவள். காரின் பின்புறம் இரண்டு சைக்கிள்களையும் மாட்டிக்கொண்டு, அயனம்பாக்கத்தில் சுரேகாவை ஏற்றிக்கொண்டு, திருநின்றவூரைத் தாண்டிக் கால்வாய்க் கரைவரை அவள்தான் ஓட்டிவருவாள்.

கரை தொடங்கும் இடத்தில் கல் தூண்களை நட்டு வழியைக் குறுக்கியிருந்தார்கள். கார், லாரி எதுவும் நுழைய முடியாது. வலப்பக்கம் ஏரிக்குப் போகும் தண்ணீர், சிமெண்ட் சரிவுக்குள் சத்தமில்லாமல் நகர்ந்தது. இடப்பக்கம் புல்லும் கருவேலமுமாகச் சரிந்து வயல்களில் முடிந்தது. நடுவில் சிவப்புக் கிராவல் பாதை, இரண்டு தடங்களாக. சக்கரத்தின் அடியில் கிராவல் நொறுங்கும் சத்தத்தை வைத்தே தடத்தில் போகிறோமா, விலகிவிட்டோமா என்று சுரேகாவுக்குத் தெரியும். விலகினால் புல்லில் சத்தம் அடங்கிவிடும். இதை அவள் யாருக்கும் சொன்னதில்லை.

"டயர்ல காத்து கம்மியா வச்சிருக்கேன்கா. இன்னிக்கு மெத்தையில போற மாதிரி இருக்கும், பாருங்க," என்றாள் பவித்ரா.

"மெத்தைன்னா தூங்கிடுவேன்டி."

"தூங்குங்க. நான்தான் முன்னாடி போறேனே."

கண் மருத்துவர் சென்ற ஆண்டு மார்ச்சில் சொல்லியிருந்தார். பார்வையின் ஓரங்கள் உதிர்ந்துகொண்டிருக்கின்றன. நடுவில் இருப்பது கொஞ்ச காலம் இருக்கும். வண்டி ஓட்டக் கூடாது. சைக்கிளுமா என்று கேட்டாள். சைக்கிளும்தான் என்றார். அவள் ஸ்கூட்டரை விற்றாள். வீட்டில் கணவன் சரவணக்குமாரிடம் பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை என்றாள். ராத்திரியில் கொஞ்சம் மங்கலாக இருக்கிறது என்பதை மட்டும் பிறகொரு நாள் சொன்னாள். கண்ணாடியை மாத்திக்கோயேன் என்று அவன் சொன்னதோடு அது முடிந்தது. அலுவலகத்தில் குப்பைக்கூடையில் இடித்துக்கொண்டபோதெல்லாம் மற்றவர்கள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். சுரேகாக்கா வந்தா நாற்காலிதான் ஒதுங்கணும் என்று ஒரு பேச்சே உண்டாகியிருந்தது. சைக்கிளை மட்டும் விடவில்லை. வாரத்தில் ஆறு நாளும் சுவரைத் தடவாத குறையாக நடப்பவள், இந்த ஒரு காலையில், வண்டியே வராத இந்தக் கரையில், வேகமாகப் போனாள். காற்று முகத்தில் பட்டது. அவளுக்கு அது போதும்.

பவித்ராவின் மஞ்சள் பனியன்தான் அவளுடைய வழி. ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல, மிச்சமிருந்த வட்டத்துக்குள் அந்த மஞ்சளை வைத்துக்கொண்டு ஓட்டினாள். கொஞ்சம் தள்ளிப் போனால் வட்டத்துக்குள் பவித்ரா முழுசாகத் தெரிவாள், கைகளோடு. ஆனால் ஒரு வளைவில் அந்தச் சிறிய மஞ்சள் நழுவினால் பிறகு தேடிப் பிடிக்க முடியாது. நெருங்கிப் போனால் முதுகு மட்டும்தான் தெரியும். முதுகு போதும் என்று முடிவு செய்திருந்தாள்.

போன தை மாதம் நாகலாபுரம் பக்கம் மலைக்குப் போயிருந்தார்கள். காட்டுப் பாதை ஏறத் தொடங்கும்வரை ஒன்றுமில்லை. மரங்கள் மூடிக்கொண்டதும் நிழலும் வெயிலும் துண்டு துண்டாகத் தரையில் கிடந்தன. நிழல் விழுந்த இடங்களில் பாதையே இல்லை. செயின் இழுக்கிறது என்று சொல்லி இறங்கி, மேடு முழுக்கச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். பவித்ராவும் இறங்கிக் கூடவே நடந்தாள். மேலே போய்ச் செயினைச் சுற்றிப் பார்த்தாள். ஒன்றுமே இல்லையேக்கா என்றாள்.

இப்போது முன்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. "அடுத்த மாசம் மறுபடி மலைக்குப் போலாம்கா. மழை பெஞ்சு எல்லாம் பச்சையாயிருச்சாம். உங்க செயினையும் புதுசா மாத்திரலாம்."

"பாக்கலாம்," என்றாள் சுரேகா.

குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. பாதையில் குழியோ கல்லோ ஆளோ இருந்தால் முன்னால் போகிறவர் அந்தப் பக்கத்துக் கையை நீட்டிக் காட்ட வேண்டும். வாய் திறக்க வேண்டியதில்லை. பின்னால் வருகிறவர் கையை நம்ப வேண்டும். அவர் விழுந்தால் அது முன்னால் போனவரின் தப்பு. இதில் வாதம் கிடையாது. தனக்குப் பின்னால் வந்தவர் விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்த பிறகு, பால்ராஜ் என்பவர் குழுவில் முன்னால் போவதையே விட்டுவிட்டார். நல்லா ஓட்டுவாருக்கா, இப்ப கடைசியில தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு வர்றாரு என்று பவித்ரா ஒருமுறை வருத்தப்பட்டிருக்கிறாள்.

மஞ்சள் லேசாக வலப்பக்கம் ஒதுங்கியது. சுரேகாவும் ஒதுங்க நினைத்தாள். அதற்குள் இடத்தோளில் ஏதோ மோதியது. பச்சையாக, ஈரமாக, கனமாக. கிராவல் மேலே எழும்பி வந்தது.

விழுந்த இடத்திலிருந்து பார்த்தபோது வட்டத்துக்குள் வானம் மட்டும் இருந்தது. தலையைத் திருப்பித் திருப்பித் தேடினாள். சைக்கிள். சிதறிய புல். பிறகு ஒரு பெண்ணின் கால்கள். கரைச் சரிவில் மாட்டுக்குப் புல் அறுத்து, கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு மேலே ஏறி வந்தவள் பாதையோரம் உட்கார்ந்த மாதிரி விழுந்திருந்தாள். முழங்கையில் ரத்தம்.

"கண்ணு இன்னா பொடனியிலயா கீது?" என்றாள் அவள். "ஒத்த ஆளு நிக்கிறேன், கட்டோட நிக்கிறேன், நேரா வந்து வுடுற."

பவித்ரா சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். முதலில் அந்தப் பெண்ணைத் தூக்கினாள். பையிலிருந்து தண்ணீர் எடுத்து முழங்கையைக் கழுவினாள். பெயர் கேட்டாள். பொன்னம்மாள் என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் தண்ணீரில் மிதந்து போகும் தன் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தப்பு என்னோடதும்மா. அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க. முன்னாடி போறவதான் கையை நீட்டிக் காட்டணும். நான் காட்டாம வந்துட்டேன்."

"ஊருக்குள்ள பஸ்ஸுலதான் மோதுறான்னா, இந்தக் கரைமேட்லயும் நிம்மதி இல்ல," என்றாள் பொன்னம்மாள். ஆனால் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

சுரேகா எழுந்து உட்கார்ந்தாள். முழங்காலில் கிராவல் ஒட்டியிருந்தது. பவித்ரா காட்டியிருப்பாள். காட்டாமல் போகிறவள் இல்லை. சின்னக் கல்லுக்குக்கூடக் காட்டுகிறவள். பேச்சு நடுவிலும் கை தானாக நீளும், அவளுக்கே நினைவிருக்காது. இப்போது ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சொன்னால் பவித்ரா கோபப்பட மாட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வாள். பத்திரமாக வீட்டில் கொண்டுபோய் விடுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்து, சாப்பிட்டீங்களாக்கா என்று கேட்பாள். சொல்லாவிட்டால் அடுத்த வாரமும் இந்தக் கரை இருக்கும்.

பவித்ரா வந்து அவள் முழங்காலைத் துடைத்தாள்.

"இனிமே நீங்க முன்னாடி போங்கக்கா. நான் பின்னாடி வர்றேன்."

"வேணாம் பவி. நீயே போ."

"எப்படிக்கா? மலைப் பேச்சுப் பேசிக்கிட்டே எங்கயோ பாத்துட்டு வந்துட்டேன். அந்தம்மா தண்ணிக்குள்ள விழுந்திருந்தா? எனக்கு வேணாம். பால்ராஜ் சாரைப் பாத்துப் பாவப்பட்டேன். இப்ப புரியுது."

சுரேகா வாயைத் திறந்தாள். "பவி," என்றாள். பவித்ரா எழுந்து போய்ச் சிதறிய புல்லைக் கை நிறைய வாரிக்கொண்டுவந்து பொன்னம்மாளின் கயிற்றின் மேல் போட்டாள். பொன்னம்மாள் அதைத் தட்டி ஒழுங்குபடுத்தினாள். தண்ணீருக்கு அந்தப் பக்கம் ஒரு நாரை நின்றிருந்தது. சுரேகாவுக்கு அது தெரிந்தது. நேரே பார்த்ததால் மிகத் தெளிவாகத் தெரிந்தது.

"ந்தாம்மா, நீ ஏன் உம்மேலயே போட்டுக்குற?" என்றாள் பொன்னம்மாள், பவித்ராவைப் பார்த்து. "நீ கைய நீட்னியே. இன்னாத்துக்கு இது நம்ம பக்கம் கைய காட்டிகினு போதுன்னுதான் நான் நின்னேன்."

பவித்ராவின் கைகள் புல்லுக்குள் நின்றன. அவள் நிமிரவில்லை. யார் பக்கமும் திரும்பவில்லை.

பொன்னம்மாள் கயிற்றை இறுக்கினாள். பிறகு சுரேகாவைப் பார்த்தாள். குரலில் இப்போது கோபம் இல்லை.

"இம்மாந்தூரம் நீட்டிச்சே அந்தக் கைய. நீ அது பின்னாடியேதான் ஒட்டிகினு வந்தே. பாக்கலியா நீ?"