மூன்று பேருக்கான தொட்டி

வீட்டை விற்றுவிட்டுப் படகிலேயே குடிவந்த அந்தத் தம்பதிக்கு முதல் தலைவலி கழிப்பறைத் தொட்டியால் வந்தது. இரண்டு பேருக்கு இரண்டு வாரம் தாராளமாகத் தாங்கும் என்று குழாய்க்காரர் பொருத்திக் கொடுத்த தொட்டி ஒன்பதாம் நாளே வாய்வரை வந்துவிட்டது. ஒருமுறை வழிந்து துறைமுகத் தண்ணீரிலும் கலந்தது. இன்னொரு தடவை வழிந்தால் படகுக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான் என்று துறை அதிகாரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கரையில் அவர்களுக்குப் போக்கிடம் கிடையாது.

குழாய்க்காரன் சின்னத் தொட்டியைத் தலையில் கட்டிவிட்டான் என்று கணவர் பொருமினார். ஒரு மதியம் ஆளை வரவழைத்துக் கேட்டும்விட்டார். குழாய்க்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. கழுவிய தொட்டியில் வாளி வாளியாக அளந்து ஊற்றிக் காட்டினார். சொன்ன அளவு இம்மியும் குறையவில்லை. கடல் தண்ணீர் எங்கேயாவது உள்ளே கசிகிறதா என்று தடவிப் பார்த்தார், அதுவும் இல்லை. பிறகு மேல்தளத்தில் உட்கார்ந்து, ஓர் ஆளுக்கு நாளைக்கு எத்தனை தடவை, தடவைக்குக் கழிப்பறையை அலசும் கைப்பம்பு எவ்வளவு தண்ணீர் இழுக்கும் என்று விரல்விட்டுக் கணக்குப் போட்டார்.

“தப்பா நினைக்காதீங்கண்ணே. மூணு பேர் இருந்தாத்தான் கணக்கு ஒத்துவருது.”

“மூணாவது ஆளை நீங்க கூட்டிட்டு வந்து விட்டீங்களா தம்பி?”

மனைவி சிரிக்கவில்லை. பகலில் பம்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கணவர்தான் போயிருக்கிறார் என்று இருந்துவிட்டதாகச் சொன்னாள். கணவரோ அது அவள் என்று நினைத்திருந்தார்.

அப்போது கீழே கழிப்பறைத் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. மூவரும் மேலேதான் இருந்தார்கள். மூட்டுவலிக்காரர் அடிப்பதுபோல, பம்பு நின்று நின்று அடித்தது. நடுவில் ஓர் இருமல்.

கணவர் குழாய்க்காரரின் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினார். மனைவி பின்னாலேயே ஓடி அவர் கையைப் பிடித்தாள்.

“இருங்க. உள்ள ஆள் இருக்கும்போது கதவை இடிக்கலாமா? வரட்டும்.”

காத்திருந்தார்கள். தாழ்ப்பாள் விலகிக் கதவு திறந்தது. யாருமில்லை. குளிர்ந்த காற்று ஒன்று மட்டும், மேலே பட்டுவிடக் கூடாதே என்பதுபோல, சுவரோரமாக ஒதுங்கி அவர்களைக் கடந்து போனது. உள்ளே தரை துடைத்த மாதிரி இருந்தது. சோப்பில் ஈரம், துண்டில் ஈரமில்லை.

“நம்ம துண்டுன்னு தொடாம போயிருக்காங்க,” என்றாள் மனைவி. குரல் நடுங்கினாலும், பெட்டியிலிருந்து நல்ல துண்டாகப் பார்த்து எடுத்துவந்து தனி ஆணியில் மாட்டினாள். மனிதரோ, மனிதராக இருந்தவரோ, வந்தவருக்குக் கை துடைக்க ஒரு துணி கொடுப்பதில் கடவுளுக்கு ஆட்சேபம் இருக்காது என்பது அவள் எண்ணம். மறுநாள் காலையில் அந்தத் துண்டு ஈரமாக, நான்காக மடிந்து தொங்கியது.

குழாய்க்காரர் பெரிய தொட்டியாக மாற்றிக் கொடுத்தார். மூன்று பேருக்குக் கணக்குப் போட்டு, அதற்குமேல் கொஞ்சம் இடம் விட்டிருந்தார். எதிர்பாராமல் வருகிறவர்களுக்காக அப்படி விடுவது அவர் தொழில் வழக்கம்.

அதன்பிறகு தொட்டி வழியவேயில்லை. அடுத்த மாதம் ஒருநாள் அளவு பார்க்கப் போன கணவர் வெகுநேரம் திரும்பவில்லை. மனைவி பதறிக்கொண்டு போய்ப் பார்த்தாள். அவர் கழிப்பறைச் சுவரில் இன்னோர் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

“நாலு பேர் கணக்கு வருது,” என்றார். “துண்டு இருக்கா?”