நாற்காலி இல்லாத கடையில் உட்கார்ந்தவர்கள்

கடையிலிருந்த பதினான்கு நாற்காலிகளையும் அகற்றிய மறுநாள் காலை ஏழே காலுக்கு, எதிர்வரிசைத் தையல்காரர் வழக்கம்போல் வந்து, சுவரோரத்தில் ஒன்றுமே இல்லாத இடத்தில் உட்கார்ந்து, இரண்டு ரொட்டியும் ஒரு சூப்பும் கேட்டார். நின்று சாப்பிடுவதற்காகச் சுவர் நெடுக மார்பளவில் ஒரு பலகை அடிக்கப்பட்டிருந்தது. அந்தப் பலகைக்குத் தோதான உயரத்தில் அவர் உட்கார்ந்ததால் கால்கள் தரையைத் தொடவில்லை. முதுகுக்குப் பின்னாலும் எதுவும் இல்லை, இருந்தாலும் சாய்ந்துகொண்டார். கடைக்காரி கையில் தட்டோடு திருதிருவென விழித்தாள். எட்டரை மணிக்குள் பதினொரு பேர் அப்படி உட்கார்ந்துவிட்டார்கள். யாருக்கும் அது பெரிய விஷயமாகப் படவில்லை. சூப்பில் உப்பு கொஞ்சம் தூக்கல் என்று இரண்டு பேர் சொன்னதோடு சரி.

நாற்காலிகளை அகற்றச் சொன்னது யாருமில்லை, அவளாகவேதான் அகற்றினாள். லைசென்ஸ் புதுப்பிக்கும் சமயத்தில் வந்த சுகாதார ஆய்வாளர் ஒரு பச்சை அட்டைப் புத்தகத்தைப் பிரித்து விதியைப் படித்துக் காட்டியிருந்தார். பத்து இருக்கைகளுக்கு மேல் உள்ள எந்தச் சாப்பாட்டுக் கடையிலும் வாடிக்கையாளருக்கு ஒரு கழிப்பறை வேண்டும். அதற்குப் போகும் வழி சமையலறைக்குள்ளே போகக் கூடாது. அதன் கதவு சமைக்கும் இடத்தைப் பார்த்துத் திறக்கக் கூடாது. கை கழுவத் தனியாகத் தொட்டியும் சோப்பும் இருக்க வேண்டும். நின்றபடி சாப்பிடும் கடைக்கு இது எதுவும் தேவையில்லை. கொல்லையில் எல்லாக் குடித்தனக்காரர்களுக்கும் பொதுவாக ஒரு கழிப்பறை இருந்தது, ஆனால் அடுப்பைத் தாண்டித்தான் அங்கே போக முடியும். சாக்கடைக் குழாயை ஒட்டி, கதவு கடைப்பக்கம் திறக்கும்படி இருந்த ஒரே இடம் பக்கவாட்டு அறை. அது சாமான் அறை என்று கடைக்காரி ஆய்வாளரிடம் வாய் கூசாமல் பொய் சொன்னாள்.

அந்த அறையில் அவளுடைய அக்கா இருந்தாள். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தகரப் பெட்டியோடு புருஷன் வீட்டிலிருந்து வந்தவள். அங்கே என்ன நடந்தது என்று அவளும் சொல்லவில்லை, இவளும் துருவவில்லை. எட்டடிக்கு ஐந்தடி அறை. மாவு பிசைவது, காய் நறுக்குவது, பாத்திரம் கழுவுவது எல்லாம் அதற்குள்ளேயே நடந்தன. சுவரில் இருந்த ஒரு சின்னத் திறப்பு வழியாகத் தட்டுகள் வெளியே வரும், எச்சில் தட்டுகள் உள்ளே போகும். வாடிக்கையாளர்கள் அக்காவின் முழங்கைவரைதான் பார்த்திருக்கிறார்கள். கடைக்காரி படுப்பது அடுப்புக்கு மேலே இருந்த பரணில். புரண்டு படுக்கவேண்டுமானால் முதலில் கீழே இறங்க வேண்டும். அக்காவை அந்த அறையிலிருந்து கிளப்பினால் வைத்துக்கொள்ள வேறு இடம் கிடையாது, லைசென்ஸ் போய்விட்டால் இருவருக்குமே சோறு கிடையாது. பத்து நாற்காலி வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் எவனாவது பதினொன்றாவதைப் பக்கத்துக் கடையிலிருந்து இழுத்துப் போட்டுக்கொண்டால் என்ன செய்வது என்ற பயத்தில் ஒட்டுமொத்தமாகத் தூக்கிவிட்டாள்.

இப்போது அவர்கள் உட்கார்ந்திருப்பது இருக்கையில்லாமல் உட்கார்வதா, உட்காராமல் இருப்பதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கூட்டம் போனபிறகு தையல்காரரின் இடத்தில் தானும் உட்கார்ந்து பார்த்தாள். தொப்பென்று விழுந்தாள். “என்னடி சத்தம்?” என்று திறப்பு வழியாக அக்கா கேட்டாள். “ஒண்ணுமில்லக்கா, குண்டான் விழுந்துடுச்சு” என்று இடுப்பைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். மறுநாள் வந்தவர்களிடம் கெஞ்சிப் பார்த்தாள். அவர்களும் நல்லவர்கள்தான், நிற்கத்தான் முயன்றார்கள். இரண்டு வாய் சாப்பிட்டதும் ஒவ்வொருவராகத் தரையை விட்டு எழும்பி அமர்ந்தார்கள். “நானா உக்காரலம்மா, கால் தானா மடங்குது, ஒடம்பு தானா மேல போவுது, நான் என்ன பண்ணட்டும்?” என்றார் லாரிக்காரர். பத்து நாற்காலிகளைத் திரும்பக் கொண்டுவந்து போட்டாள். ஒரு வாரம் பத்துப் பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அவற்றில் உட்கார்ந்தார்கள், மீதிப் பேர் எப்போதும்போல் மேலே இருந்தார்கள். எட்டாம் நாள் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன, அவற்றைத் திரும்பவும் தூக்கிவிட்டாள். பதினொன்றாவது ஆளை வாசலிலேயே மடக்கித் திருப்பி அனுப்பினாள். அவர் தெருவிலேயே, கடைப் பெயர்ப்பலகைக்குக் கீழே, அந்தரத்தில் உட்கார்ந்து உள்ளே குரல் கொடுத்தார்.

ஆய்வாளர் திரும்ப வந்தபோது கடையில் பதினாறு பேர் இருந்தார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் கீழே குடையைவிட்டு இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். பிறகு படிவத்தில், இருக்கைகள்: இல்லை, உட்கார்ந்திருப்போர்: பதினாறு என்று எழுதினார். எழுதியதைப் படித்துவிட்டு நெற்றியைத் தடவிக்கொண்டார். “ஏம்மா, இதை நான் எந்தக் கட்டத்துல போடறது?” என்று அவளையே கேட்டார். “எனக்குத் தெரிஞ்சா உங்ககிட்ட நான் எதுக்கு சார் முழிச்சிட்டு நிக்கப் போறேன்?” என்றாள்.

படிவம் அலுவலகத்துக்குப் போனது. அங்கிருந்து நான்கு மாதம் கழித்து, உட்கார்ந்திருப்போர் எதன் மீது உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்டு ஒரு கடிதம் வந்தது. எதன் மீதும் இல்லை என்று ஆய்வாளர் பதில் எழுதினார். அப்படியானால் அவர்கள் நிற்பவர்களே என்று ஒரு கடிதம், நிற்பவரின் பாதம் தரையில் படவேண்டும் என்று வேறொரு பிரிவிலிருந்து அதை மறுத்து ஒரு கடிதம், இரண்டையும் பொருட்படுத்த வேண்டாம் என்று ஒரு கடிதம். இப்படி மூன்று வருஷம் ஓடியது. ஒவ்வொரு கடிதத்தையும் கடைக்காரி பிரிக்குமுன் வயிற்றைப் பிடித்துக்கொள்வாள், பிரித்தபின் தலையைப் பிடித்துக்கொள்வாள். அதற்கிடையில் தையல்காரருக்குப் பேத்தி பிறந்து, அதுவும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டி தின்னப் பழகியது. ஒருநாள் ஆய்வாளர் மதியவேளையில் அலுத்துப்போய் வந்து, பலகைமேல் பையை வைத்து, கடைசி அறிக்கையை எழுதத் தொடங்கினார். பாதிப் பக்கம் எழுதியபிறகுதான் தன் செருப்பு ஒன்று நழுவிக் கீழே விழுந்ததைக் கவனித்தார். குனிந்து பார்த்தார். பேனாவை மூடி வைத்துவிட்டு ஒரு சூப் கேட்டார். “இதுக்கப்புறம் யாரும் உக்காரலன்னு நான் எழுத முடியாதும்மா” என்றார். அவர் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது.

உத்தரவு அடுத்த மாதம் வந்தது. உட்காரும் ஆளைத்தான் எண்ண வேண்டும், நாற்காலியை அல்ல. முப்பது நாளில் கழிப்பறை, இல்லாவிட்டால் கடைக்குப் பூட்டு. கடைக்காரி அதைச் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் ஒளித்தாள். எல்லோர்மீதும் கோபம் வந்தது. நிற்கத் தெரியாத ஜனங்கள்மீது, குடையோடு வந்த மனுஷர்மீது, தன் இடுப்பின்மீதுகூட. அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று பன்னிரண்டு நாள் ஒத்திகை பார்த்தாள். பதின்மூன்றாம் நாள், சர்க்கரை எடுக்கப் போன அக்கா காகிதத்தோடு வந்து சமையலறை வாசலில் நின்றாள்.

“கக்கூஸ் கட்ட எடம் வேணும்னா வாயத் தொறந்து கேக்க வேண்டியதுதானேடி?”

“உன்னை எங்கக்கா அனுப்புவேன்? எனக்கு ஒண்ணும் புரியலக்கா” என்று கடைக்காரி அழுதேவிட்டாள்.

“அழாத. அந்தத் தபால்காரம்மா தெனமும் வந்து சாப்புடுதே, அது தண்ணி டம்ளரைத் தொடுதான்னு பாத்திருக்கியா?”

கடைக்காரி பார்த்ததில்லை.

“நான்தானே கழுவறேன். வெச்ச தண்ணி வெச்சபடி திரும்பி வருது. குடிச்சா அப்புறம் எங்க போவும் அது? தெரு முழுக்க நடக்கணும், ஒதுங்க ஒரு எடம் கெடையாது. டீயும் பாதிதான். அது மட்டுமில்ல, இன்னும் நாலஞ்சு டம்ளர் அப்படித்தான் வருது. பதினோரு வருஷமா அந்தத் தண்ணிய நான்தான் கீழ ஊத்தறேன். மனசுக்குக் கஷ்டமா இருக்குடி.” பிறகு, “கொத்தனாரை நாளைக்கே வரச் சொல்லு” என்றாள்.

கொத்தனார் வந்த அன்று அக்கா தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ஆட்கள் சாப்பிடும் நேரத்தில் முதல்முறையாகக் கடைக்குள் வந்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் முழங்கைகளை வைத்து அவளை அடையாளம் கண்டு, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள். அக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். ஜன்னலோரம், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே, பெட்டியை வைத்தாள். பெட்டி நின்றது. தானும் அதன் பக்கத்தில் ஏறி அமர்ந்து, முறத்தை மடியில் வைத்துக் காய் நறுக்க ஆரம்பித்தாள். களைப்பானால் அங்கேயே காலை நீட்டிப் படுத்தாள், போர்வை ஓரங்கள் கீழே தொங்கின. கடைக்காரி ஒரு வாரம்வரை அவளுக்குக் கீழே தலையணைகளைப் பரப்பி வைத்தாள். யாரோ தடுக்கி விழுந்தபிறகு எடுத்துவிட்டாள்.

முப்பதாம் நாள் ஆய்வாளர் வந்து கதவு திறக்கும் திசையைப் பார்த்தார், தண்ணீரை இழுத்துவிட்டார், சோப்பை முகர்ந்தார். எல்லாம் சரியாக இருந்தது. கடைசிக் கட்டத்தில் மட்டும் பேனா நின்றது. உணவுக் கடையின் தரையில் எவரும் படுத்துறங்கக் கூடாது என்றிருந்தது. தலைக்கு மேலே போர்வையை மடித்துக்கொண்டிருந்த அக்காவை நிமிர்ந்து பார்த்தார். தரையைப் பார்த்தார். எவரும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அன்று பன்னிரண்டரை மணிக்குத் தபால்காரம்மா வந்தாள். பையை இறக்கினாள், புதுக் கதவைப் பார்த்தாள், அதில் எழுதியிருந்ததை இரண்டு முறை வாசித்தாள். “இது எங்களுக்கா?” என்று கேட்டாள். “உங்களுக்குத்தாம்மா” என்றாள் கடைக்காரி. தனக்கு வந்தது சந்தோஷமா வெட்கமா என்று அவளுக்கே தெரியவில்லை. தபால்காரம்மா எழும்பி அமர்ந்து, முதலில் டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்து, இன்னொரு டம்ளர் கேட்டாள். அக்கா இருந்த இடத்திலிருந்தே எட்டிக் கூஜாவைச் சாய்த்து ஊற்றினாள்.