இந்துவின் கெளுத்தி மீன்

"மீனுக்குக் குளிருமாப்பா?" என்று இந்து ஒருநாள் கேட்டாள். தேயிலை விலை விழுந்து ஃபேக்டரி மூடியதும், அவள் அம்மாவோடு திருப்பூர் போய்விட்டாள். குன்னூரில் லிங்கசாமிக்குத் துணை, மகளின் குட்டிக் கெளுத்தி மீன்தான். லீவுக்கு அவள் வரும்வரை அது பிழைத்திருக்க வேண்டும். மீன்மேல் வெள்ளைப் புள்ளிகளைக் கண்டதும் வளர்ப்பு மீன்கடை அயூபிடம் ஓடினார்.

"ஏனுங்க பாய், கல்லுப்புப் போடட்டுங்களா?"

"இதென்ன கொழம்புங்களா? கெளுத்திக்குச் செதில் இல்லீங்க, உப்புத் தாங்காது. இந்தப் புள்ளி மருந்துல பாதி அளவு போதும். தண்ணி வெதுவெதுன்னு இருக்கோணும்."

அயூப் தன் கடைத் தொட்டியிலிருந்த ஹீட்டரையே கழற்றி, காசு வாங்காமல் கொடுத்தார். பத்து நாளில் புள்ளிகள் மறைந்தன.

"பொழச்சிருச்சு கண்ணு," என்றார் லிங்கசாமி, வெறும் வீட்டில்.

வெள்ளிக்கிழமை அயூப் தொழுகைக்குப் போனதும், லிங்கசாமி கடைத் தொட்டிகளின் பாசியைத் தேய்த்துக் கழுவிவிட்டு, யார் கண்ணிலும் படாமல் நடந்தார்.