ட்வைட் விட்டுப்போன வாளி

மனைவி லோர்னாவை விட்டுப் போனபோது ட்வைட் தோட்டா நிரப்பும் பிரஸ், அச்சு, தராசு எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனான். கராஜில் மிஞ்சியது ஒரு வாளி, அது நிறைய சுட்டு முடித்த பித்தளைத் தோட்டா உறைகள். அச்சில் அழுத்தி மருந்து நிரப்பினால் அவை மறுபடி தோட்டாவாகும். போகிற போக்கில் ஒரு வார்த்தையும் விட்டான்: "வேட்டை சீசன் தொடங்கட்டும். தோட்டா வேணும்னு நீயே என் வாசல்ல வந்து நிப்ப."

லோர்னாவுக்குச் சுருக்கென்று தைத்தது. இருபத்திரண்டு வருடம் அவன் சுட்டதையெல்லாம் வெட்டிப் பொட்டலம் கட்டியவள் அவள். தோட்டா மேசையைத் தொட மட்டும் உரிமை கிடையாது. மொன்டானா குளிருக்கு ஃப்ரீசரில் ஓர் எல்க் மானாவது வேண்டும். அதற்காக அவன் வாசலில் நிற்பதா? பீன்ஸ் டப்பாவிலேயே குளிர்காலத்தை ஓட்டிவிடுவாள்.

லூயிஸ்டவுனில் ஒரு பழைய பிரஸ்ஸும் அச்சும் தராசும், மருந்தும் குண்டும் வாங்கிவந்தாள். முதல் உறைக்கு எண்ணெய் தடவுவதில் கஞ்சத்தனம் காட்டினாள். அது அச்சுக்குள் இறுகிக்கொண்டது. துளைபோட்டு, திருகாணி முறுக்கி அதைப் பிடுங்குவதற்குள் பகல் போயிற்று. வாய்க்கு வந்தபடி திட்டினாள். அடுத்ததற்குத் தாராளமாகவே தடவினாள்.

அது வழுக்கிக்கொண்டு வந்தது. ஆனால் அவளுடைய ரைஃபிளில் போட்டால் பின்பக்கத்து அடைப்பான போல்ட் மூட மறுத்தது. சுடும்போது உறை அந்தந்தத் துப்பாக்கியின் அளவுக்கு ஊதிவிடும். இவையெல்லாம் ட்வைட்டின் ரைஃபிளில் ஊதியவை. உறையின் கழுத்தை மட்டும் அச்சில் இறுக்கினால் அவனுக்குப் போதும், அவளுக்கு உடம்பையும் சேர்த்து இறுக்க வேண்டும். அச்சை ஒரு மயிரிழை கீழே இறக்கினாள். மூடவில்லை. இன்னொரு மயிரிழை. ஏழாவது தடவை போல்ட் தடங்கலில்லாமல் மூடியது. தனியாகவே கைதட்டிச் சிரித்தாள்.

சீசனுக்கு முந்தின நாள் ட்வைட் பிக்கப்பில் வந்து இறங்கினான்.

"எனக்கு உறை பத்தல. அந்த வாளிய எடுத்துட்டுப் போறேன்."

"எதுக்கு?"

"உனக்கெதுக்கு அது? என் ரைஃபிள்ல சுட்டதுடி. உன்னோடதுல போல்ட்டே மூடாது. இதுகூடத் தெரியல."

லோர்னா வாளியிலிருந்து ஒரு வெற்று உறையை எடுத்தாள், ரைஃபிளில் போட்டாள், ஒற்றை விரலால் போல்ட்டை மூடினாள்.

ட்வைட்டுக்கு முகம் தொங்கிப்போனது. "எல்லாத்தையுமா இறுக்கிட்ட?"

"ஒண்ணுவிடாம. எனக்கு வேண்டியத நிரப்பியும் வெச்சாச்சு. இப்ப உன்னோடதுல போட்டா லொடலொடங்கும், சுட்டா உறை பிளந்துக்கும்."

"நாளைக்கு நான் எத வெச்சுச் சுடறது?"

"அது உன் பாடு. தோட்டா வேணும்னு யாரு யார் வாசல்ல வந்து நிக்கிறாங்க, காலுக்குக் கீழ குனிஞ்சு பாரு."

அவன் குனியவில்லை. வண்டிக் கதவு மட்டும் படாரென்று சாத்திக்கொண்டது. லோர்னா ஃப்ரீசரைத் துடைக்கப் போனாள். நாளைக்கு இடம் வேண்டுமே.