சான்றிதழில் ஒரு காலிப் பெட்டி

1.
இந்தக் கதை எனக்குக் கிடைத்தது எங்கள் கட்டட லிஃப்டுக்குள். பழுது பார்க்க வந்த மெக்கானிக் இடது முட்டியைப் பிடித்துக்கொண்டு, "இது இன்னும் எத்தனை மாடி தாங்குமோ சார். கம்ப்யூட்டர் படிச்சிட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு அசடு வழியச் சிரித்தார். மீதியை நான்தான் கட்டினேன்.

2.
முதலில் இப்படித் தொடங்கினேன்: 'முட்டி தேய்ந்த ஒரு மனிதர் கணினி மொழி கற்கத் துணிந்து

(அடித்துவிட்டேன். அந்தச் சிரிப்பு கற்றவரின் சிரிப்பு இல்லை.)

இலவச இணைய வகுப்பில் நிரல் எழுதப் படித்துச் சான்றிதழ் கொண்டுவந்தால், உட்கார்ந்து பார்க்கும் வேலை தருவதாக அவருடைய மேலாளர் சொல்லியிருந்தார். நாற்பத்திரண்டு பாடம். தினமும் வேலை முடிந்து வந்து வீடியோவை ஓடவிடுவார். ஐந்தாம் நிமிடம் குறட்டை. பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி, ஓடுவதை வீணாக்குவானேன் என்று காதைக் கொடுத்தாள். பிறகு துணியைத் தள்ளி வைத்தாள். தேர்வுக் கேள்விகளுக்கும் அவளே பதில் தட்டினாள்.

(அவரைக் கிண்டல் செய்ய எனக்கு வாயில்லை. என்னிடமும் அப்படி மூன்று சான்றிதழ் உண்டு. ஒரு வரி நிரல் எழுதத் தெரியாது.)

அவள் எழுதிய முதல் நிரல் சின்னது. மொட்டைமாடிவரை ஏற வேண்டிய பழுதுகள் ஒரே நாளில் குவியாமல், வாரம் முழுக்கப் பிரித்துப் போடும். முட்டி வீக்கம் கொஞ்சம் வடிந்தது.

3.
கடைசிப் பாடம் முடிந்ததும் திரையில் ஒரு பெட்டி வந்தது: 'சான்றிதழில் இடம்பெற வேண்டிய பெயர். பிறகு மாற்ற இயலாது.'

"நீயே உன் பேரை அடி. நீதானே படிச்சே."

"பைத்தியமா உங்களுக்கு? முட்டி யாரோடது?"

"அந்த நாற்காலில உக்காந்து நான் என்னத்தப் பண்ணுவேன்?"

"ஃபோன் பண்ணுங்க, சொல்றேன்."

கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு அவள் பெயர் எங்குமே அச்சாகவில்லை என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவளுடைய மனத்திலோ ஒரு பெரிய

(தெரியவில்லை. அவள் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.)

4.
அவர் பெயர் என்றால் முட்டி பிழைக்கும். அவள் பெயர் என்றால், நாளைக் காலை அவர் மறுபடி படியேறுவார். மாலையில் முதல் பாடத்திலிருந்து தொடங்குவார். இரண்டு பெயரையும் போடலாமே என்பீர்கள். போட்டுப் பார்த்தேன், பெட்டி அவ்வளவு நீளமில்லை.

எனக்கு இருவர்மேலும் பிரியம் வந்துவிட்டது, என்னால் ஆகாது. நீங்களே அடியுங்கள். ஒருமுறைதான் எழுதலாம், அவசரப்படாதீர்கள். இருவரும் காத்திருக்கிறார்கள். இன்று அவர் தூங்கவில்லை.